கையறுநிலையும் கைவினையும்

ஓவியம் என்றவுடன் தூரிகையும் வண்ணமுமே நம் நினைவுக்கு வரும். தஞ்சாவூர் ஓவியமோ அவ்விரண்டினுள் அடங்குவதன்று. மரப்பலகை, பருத்தித் துணி, சுண்ணப்பொடி, பசை, கண்ணாடிக் கற்கள், தங்கரேக்கு, வண்ணம் எனப் பல பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இணைந்தே அங்கு ஒரு தெய்வ உருவம் தோன்றுகிறது. இதனைப் ‘பலகைப் படம்’ என்றும் வழங்குவர். தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசியின் காலத்தில் (1798–1832) இக்கலை செழித்து வளர்ந்தது.

என் தாயார் மறைந்த ஆண்டில் இக்கலையைக் கற்கத் தொடங்கினேன். புறத்திணைத் துறைகளுள் ஒன்றான கையறுநிலையைப் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவள் நான். இறந்தாரை எண்ணிச் செயலற்று வருந்தும் நிலையே அது. பொருள் அறிந்திருந்தும் அந்நிலை எனக்கு வந்தபோது என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. சொல் நின்றுபோன இடத்தில் கைகளுக்கு ஒரு செயல் தேவைப்பட்டது.

பலகைமேல் ஒட்டுவதற்கு அம்மாவின் பழைய நூற்புடவையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். அதன்மீது சுண்ணப்பொடிக் கலவையைப் பூசி, உலர்ந்தபின் தேய்த்து வழவழப்பாக்கினேன். யசோதையின் மடியில் கண்ணன் அமர்ந்த உருவை வரைந்து, கற்களைப் பதித்தேன். ‘மக்கு’ என்னும் கலவையால் அணிகலன்களையும் மண்டபத் தூண்களையும் புடைப்பாக எழுப்பி, அவற்றின்மேல் தங்கரேக்கு ஒட்டினேன். வண்ணம் தீட்டியது அதற்குப் பின்னரே.

ஒரு படிநிலை உலராமல் அடுத்ததைத் தொட இயலாது. நம் அவசரத்திற்காக ஈரம் விரைந்து காய்வதில்லை. அந்தக் காத்திருப்பு நாளடைவில் எனக்கு ஒரு நோன்பாயிற்று. வழிபாட்டில் அமர்ந்தும் அலைந்துகொண்டிருந்த மனம், கல் பதிக்கும் விரல்நுனியில் வந்து நின்றது. அழுகை வந்த நாள்களும் உண்டு; கண்களைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

கண்களை இறுதியில் வரையுமாறு ஆசிரியர் கூறியிருந்தார். யசோதையின் விழிகளை எழுதி முடித்த அன்று, பல மாதங்களுக்குப் பின் அம்மாவைப் பற்றி வீட்டாரிடம் தயங்காமல் பேசினேன்.

படத்தைக் காண்போர் பொன்னையும் கற்களையும் வியக்கின்றனர். அவற்றைத் தாங்கும் புடவைத் துணி எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. என் துயரும் அவ்வாறே அடியில் இருக்கிறது. அதன்மேல் ஒன்றை உருவாக்க என் கைகளால் இயன்றது.