செத்த மாட்டுக்கு ஈடு உண்டு

செட்டிநாட்டுக்குப் பிரயாணம் வருகிறவர்கள் பெரும்பாலும் மாளிகைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பாவிய கூடங்களும் பார்க்கத் தகுந்தவைதாம், சந்தேகமில்லை. ஆனால் காரைக்குடியில் செக்காலை வீதியோரமாக விடியற்காலையில் சற்று நின்றால் வேறொரு காட்சியும் கிடைக்கும். சகாய மாதா கோவில் உள்ள இவ்வீதி விழிக்கும் வேளையில் பால்காரர்கள் வந்துவிடுகிறார்கள். அந்தப் பால் புறப்பட்டு வரும் கிராமங்களை நோக்கி நாமும் சிறிது தூரம் போவோமா?

ஊரைக் கடந்ததும் செம்மண்ணும் கருவேல முள்ளுந்தான். கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழும் வானம் பார்த்த சீமை இது. மழை பொய்த்துப் பயிர் கருகினால் குடும்பத்தைத் தாங்குவது ஒரு பசுவோ, நாலு வெள்ளாடோதான். குடியானவனுக்கு அதுவே பாங்கி. மகள் கலியாணத்துக்கும் மகன் படிப்புக்கும் அங்கிருந்துதான் பணம் வரவேண்டும்.

அந்தப் பாங்கி முறிந்தால் சர்க்கார் கைகொடுக்காமல் இல்லை. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜாப் புயல் கரையேறிற்று. தென்னந்தோப்புகளைச் சாய்த்துக்கொண்டு மேற்கே ஓடிய அதன் சீற்றம் சிவகங்கை ஜில்லாவையும் எட்டியது. அப்போதைய பேரிடர் நிவாரண விதிப்படி, மாண்ட கறவை மாட்டுக்கு 30,000 ரூபாய், உழவு மாட்டுக்கு 25,000, ஆட்டுக்கு 3,000. 2022-ல் விதிகளைத் திருத்தியபோது இத்தொகைகள் முறையே 37,500, 32,000, 4,000 ஆக உயர்ந்தன. ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடானால் மூன்று, ஆடானால் முப்பது என்று வரம்பும் உண்டு. பேரிடரால்தான் இறந்தது என்று உரிய அதிகாரி சான்று கூறவேண்டும். வெள்ளம் அடித்துப்போன ஆட்டுக்கும், நாற்றத்துக்கு அஞ்சி அவசரமாய்ப் புதைத்த மாட்டுக்கும் சான்று பெறுவது எளிதா?

ஆயினும் புயலுக்கு இந்த ஏற்பாடு நல்லதே. வறட்சிக்குத்தான் இது போதவில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. வறட்சியில் மாடு ஒரே இரவில் சாவதில்லை. வைக்கோல் விலை ஏறும், பால் வற்றும், விலா எலும்பு தெரியும். கடைசியில் வியாபாரி சொன்ன விலைக்கு அவன் கையில் கயிற்றைக் கொடுக்க நேரும். செத்த மாட்டுக்கு ஈடு உண்டு. விற்ற மாட்டுக்கு இல்லை!

கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம், "அப்பத்தா, சர்க்கார் பணம் உங்களுக்கு வந்ததா?" என்று கேட்டேன்.

"புயலடிச்சா ஆபீசர் வருவாரு, ஐயா. வெயிலடிச்சா ஏவாரிதான் வருவான்" என்றாள்.

விதி நூல் முழுவதையும் அவள் இரண்டு வாக்கியத்தில் அடக்கிவிட்டாள். வறட்சிக் காலத்தில் கால்நடை முகாம் வைத்துத் தீவனம் அளிக்க அதே விதிகளில் இடம் இருக்கிறது. மானிய விலையில் உலர் தீவனம் வழங்கியதும் உண்டு. அவ்வுதவி வியாபாரி வருவதற்கு முன் வந்தால்தான் பயன். மாண்டதற்கு விலை கொடுப்பதைவிட இருப்பதைக் காப்பது சர்க்காருக்கும் சிக்கனம், குடியானவனுக்கும் கௌரவம்.

அதுவரை படித்த குடும்பங்கள் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. தினமும் காலையில் நம் வீட்டு வாசலில் பால் ஊற்றுகிறவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். இறந்த கால்நடையைப் புதைக்குமுன் வைத்தியரிடம் காட்டச் சொல்லலாம். நம் காப்பிக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.