ஒட்டுக்குக் கீழே ஒரு காட்டு ரோஜா

பெங்களூர் லால்பாக் தோட்டத்தின் சித்தாபுர வாசலை ஒட்டி நாற்றுப்பண்ணைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஹைதர் அலி 1760-இல் லால்பாக்கைப் போட்டபோது அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள் என்று சொல்லப்படும் திகளர்களின் தொழில் இது. பெங்களூர்க் கரகத் திருவிழா அவர்களுடையதுதான்; தமிழ் மண்ணிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. இங்கே ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே நின்று காட்டு ரோஜா கேட்டால் கைவிரிப்பார்கள். ஆனால் ஒட்டுக்கட்டிய ஒவ்வொரு தொட்டியிலும் காட்டு ரோஜாவோ அதற்கு நெருங்கிய உறவோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது மண்ணுக்குள் இருக்கிறது, வேர்ச்செடியாக. காட்டு ரோஜாவை வீட்டில் வளர்க்க நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் தாவரவியல் நூலகம் அல்ல, இந்த ஒட்டுக்காரர்களின் பக்கம்தான் என்பது என் கட்சி.

அவர்கள் வேலையைக் கவனித்தால் காரணம் புரியும். வேர்ச்செடியின் தண்டில் ஆங்கில ‘டி’ எழுத்துப் போல ஒரு கீறல். கத்தியின் பின்முனையால் பட்டையை நெகிழ்த்தி, நல்ல ரகத்திலிருந்து சீவிய ஒற்றைக் கண்ணை உள்ளே செருகி, கண் மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் நாடாவால் சுற்றிவிடுகிறார்கள். கண் பிடித்துத் துளிர்த்ததும் மேலே உள்ள காட்டுத் தண்டை வெட்டிவிட வேண்டும். வெட்டினாலும் அது சும்மா இருப்பதில்லை. ஒட்டுக்குக் கீழிருந்து அடித்துளிர் விட்டுக்கொண்டே இருக்கும். அதை இனம்கண்டு பிடுங்குவது இத்தொழிலில் அன்றாடப் பாடம். வீட்டுத்தோட்டக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஐந்து இலை என்றால் ரோஜா, ஏழு இலை என்றால் காடு. இந்தக் கணக்கை நம்பி நல்ல கிளையை வெட்டியெறிந்தவர்கள் ஏராளம், ஏனென்றால் தோட்ட ரகங்கள் பலவும் வீரியமாக வளரும்போது ஏழு சிற்றிலை விடும். ஒட்டுக்காரர் இலையை எண்ணுவதில்லை. மண்ணை விலக்கி, கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கிறார்.

இனம் காண்பதற்கும் இதே பார்வைதான் வேண்டும். வெள்ளையாய், ஐந்திதழாய்ப் பூக்கும் காட்டு ரோஜாக்கள் பல இருப்பதால் பூ நம்மை ஏமாற்றிவிடும். வேர்ச்செடியாகப் பயன்படும் மல்டிஃப்ளோரா கிழக்காசியாவின் காட்டு இனம். அதன் இலைக்காம்பின் அடியில் ஒட்டியிருக்கும் செதில் சீப்புப் பல்லாகக் கிழிந்திருக்கும். பூவின் நடுவில் சூல்தண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் கொத்துக்கொத்தாக வெள்ளைப் பூ பூக்கும் கொடி ரோஜாவிலும் அந்தத் தூண் உண்டு. புதுச்சேரிக்கு 1816-இல் வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் பெயரை அது சுமக்கிறது. தூணை மட்டும் பார்த்துவிட்டு மல்டிஃப்ளோரா என்று முடிவுகட்டினால் நம் மலைக் கொடிக்குக் கிழக்காசியச் செடியின் பெயரை வைத்துவிடுவோம். மணிப்பூர் மலைகளில் ஜார்ஜ் வாட் 1882-இல் கண்ட ஜைகான்டியாவில் சூல்தண்டுகள் தனித்தனியே பிரிந்திருக்கும். காட்டு ரோஜாக்களில் மிகப் பெரிய பூ அதற்குத்தான். வங்காளத்து நீர்க்கரைகளில் வளரும் கிளைனோஃபில்லாவின் பூவுக்கடியில் செதில்கள் நெருங்கியிருக்கும், இலைக்கு அடியில் முட்கள் இணையாக நிற்கும். மழைக்காலத்தில் வேர் வெள்ளத்தில் நின்றாலும் தாங்கும். ரோஜாவுக்குத் தண்ணீர் தேங்கக்கூடாது என்று பாடம் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

பெங்களூருக்கு இவற்றில் எது என்பதற்கு ஒரு வாழ்க்கையே சான்றாக இருக்கிறது. எம்.எஸ். வீரராகவன் ஆட்சிப் பணியை 1980-இல் விட்டுவிட்டு மனைவி கிரிஜாவுடன் கொடைக்கானலில் ரோஜாக் கலப்பில் இறங்கியவர். ஐரோப்பாவின் தோட்ட ரோஜாக்கள் குளிர்நாட்டு இனங்களின் வழிவந்தவை, நம் வெயிலுக்கு நம் இனங்களின் இரத்தம் வேண்டும் என்பது அவர் வாதம். ஜைகான்டியா, கிளைனோஃபில்லா இரண்டையும் வைத்து அவர் உழைத்தார். அவரும் கிரிஜாவும் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாள் பெயரைச் சூட்டினார்கள். சுமார் 900 மீட்டர் உயரத்தில், உறைபனி என்பதே இல்லாமல், ஆண்டு முழுக்கச் செடி உறங்காத பெங்களூருக்கு இந்த வாதம் அப்படியே பொருந்துகிறது.

வருடத்துக்கு ஒருமுறை சில வாரம் பூக்கும் செடிக்கு நகரத்தில் யார் இடம் கொடுப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஜைகான்டியா மரமேறிப் பல மீட்டர் போகும், பால்கனித் தொட்டிக்கு அது ஆகாது. சுற்றுச்சுவரும் ஒரு மரமும் உள்ள வீட்டுக்கே அது. ஆனால் “காட்டு ரோஜா பூக்கவே மாட்டேன் என்கிறது” என்ற இன்னொரு புகாரை நான் ஏற்கமாட்டேன். மழை ஓய்ந்ததும் அக்டோபரில் ரோஜாக்களைக் கவாத்து செய்வது இவ்வூர்ப் பழக்கம். தோட்ட ரகம் புதுத் தளிரில் பூக்கும், அதனால் வெட்டு அதற்கு நல்லது. காட்டுக் கொடிகள் போன வருடத்துத் தண்டின் பக்கக்கிளைகளில் பூப்பவை. அக்டோபரில் அந்தத் தண்டை வெட்டினால் வரப்போகும் பூவைத்தான் வெட்டுகிறோம். வருடாவருடம் வெட்டிவிட்டுச் செடியைக் குறைசொல்வது என்ன நியாயம்?

காட்டிலிருந்து பிடுங்கிவந்தால் அழிந்துவிடாதா என்பாருக்கும் பதில் ஒட்டுக்காரரிடமே இருக்கிறது. மல்டிஃப்ளோராவைக் குச்சி நட்டு வேர்விடச் செய்வது அவர்களுக்குக் கைவந்த வேலை. அதே முறையில் தோட்டத்தில் ஏற்கெனவே உள்ள செடியிலிருந்து பெருக்கலாம், சோலையைத் தொடவே வேண்டியதில்லை. அதுவரை உங்கள் தொட்டியில் ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு துளிர் வந்தால், பிடுங்கி எறியுமுன் அதன் இலையடிச் செதிலைத் திருப்பிப் பாருங்கள். சீப்புப் பல் இருந்தால் அதில் ஒரு குச்சியை வேறு தொட்டியில் நட்டுவிட்டு, அடுத்த அக்டோபரில் அதன்மேல் கத்தரியை வைக்காமல் விடுங்கள்.