மாறிய உறுப்பும் மாறாத பெயரும்

ஒரு பொருளின் உறுப்புக்கள் ஒவ்வொன்றாக மாறி, முடிவில் யாவும் புதியனவாயின், அப்பொருள் பழையதோ புதியதோ என்னும் வினா ஏட்டளவில் நிற்பதென்றே பலர் கருதுப. அவ்வினா 1990-ஆம் ஆண்டில் இலண்டன் உயர்நீதி மன்றத்தில், ஆங்கில நாணயத்தில் 1 கோடி பவுன் விலை பேசப்பட்ட மோட்டார் வண்டி ஒன்றன்மேல் எழுந்தது.

அவ்வண்டி பெண்ட்லி நிறுவனத்தார் இயற்றிய 'ஸ்பீட் சிக்ஸ்' வகையினது. 'ஓல்டு நம்பர் ஒன்' எனப் பெயர் பெற்றது. பிரான்சு நாட்டு லெ மான் நகரின் 24 மணிநேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய ஈராண்டும் வென்றது. பின்னர் 8 லிட்டர் எஞ்சின் பூட்டப்பெற்று, 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் களத்தில் ஓடியபோது விபத்துற்றது. அதனைச் செலுத்திய கிளைவ் டன்ஃபீ உயிர் துறந்தார். சிதைந்த வண்டி செப்பனிடப்பட்டு வேறு மேற்கூடு பெற்றது.

இதனை வாங்க உடன்பட்டோர், அடிச்சட்டமும் எஞ்சினும் மேற்கூடும் மாறினமையின் இது பந்தயத்தில் வென்ற வண்டியன்றென மறுத்தனர், விற்றவர் வழக்கிட்டார். 1929-இல் இருந்த உறுப்புக்களுள் இன்னது எஞ்சிற்றென்று துணிதல் அரிதென்பதை நீதிபதி ஆட்டன் ஏற்றார். ஆயினும், வண்டியின் வரலாறு யாண்டும் அறுபடவில்லை. அப்பெயர்க்கு உரிமை கொண்டாட வேறு வண்டியும் இல்லை. ஆதலின் இதுவே அவ்வண்டியென முடிவு கூறினார். முதலிற் பூட்டிய உறுப்புடைமை வேறு, மெய்ம்மை வேறு என்பது அம்முடிபின் கருத்தாம்.

அற்றேல், உறுப்பெல்லாம் மாற்றிய வண்டி யாதும் பழையதேயாகுமோ எனின், ஆகாது. தேய்ந்ததனை நீக்கி மற்றொன்று பூட்டுங்கால், எஞ்சிய உறுப்புக்கள் புதியதனை ஏற்றுத் தம்மோடு சேர்த்துக்கொள்ளும், தொடர்ச்சி கெடாது. முற்றும் அழிந்த வண்டியின் எண் தகட்டை மட்டும் எடுத்துப் புதுவண்டியிற் பதிப்பின், ஆண்டுச் சேர்த்துக்கொள்ளும் பொருளே இல்லை. அது புதுப்பித்தலன்று, போலி செய்தலேயாம்.

இனி, செப்பமாகச் செய்த புதிய உறுப்பு இழிவுடையதன்று. அதனைப் பழையதெனக் காட்டத் துருவேற்றுதலும் பழைய எண்ணைப் பொறித்தலுமே குற்றம். நேர்மையுடைய கம்மியன் தான் மாற்றியதனைக் குறித்து வைப்பான். கழற்றியதனை எறியாது உடையவனிடம் ஒப்புவிப்பான். அவன் எழுதிய குறிப்பே பின்வருவார்க்குச் சான்று. அக்குறிப்பு இல்வழி, பெரும்பொருள் கொடுத்து வாங்குவோன் விற்போன் சொல்லையே நம்பி நிற்பான்.

தொடர்ச்சியால் மெய்ம்மை கொள்வோர் மற்றொன்றும் உணர்தல் வேண்டும். லெ மான் வெற்றி இவ்வண்டிக்கு உரியதாயின், டன்ஃபீயின் இறப்பும் இதற்கே உரியது. ஒன்றனைக் கொண்டு மற்றதனைத் தள்ளுதல் யார்க்கும் கூடாது.