படி இருந்தால் போதுமா?

பெங்களூருவின் தொம்மலூரில் மென்பொருள் அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. ‘ரெப்ளிகேஷன்’ அங்கு அன்றாடச் சொல். அதே தொம்மலூரின் சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டு ஹொய்சள மன்னன் வீர இராமநாதன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்பன கல்வெட்டுகள் இவ்வூருக்குத் தரும் பெயர்கள். தரவுத்தளப் பொறியாளரும் கல்வெட்டாய்வாளரும் ஒரே சிக்கலின் இரு முனைகளில் நிற்கிறார்கள் என்பதற்கு இவ்வூரை விடப் பொருத்தமான சான்று தேட வேண்டியதில்லை.

தரவுத்தளப் பிரதியாக்கத்தின் அடிப்படை எளிது. முதன்மை வழங்கியில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் வேறொரு வழங்கிக்கு அனுப்பப்படும். முதன்மை வீழ்ந்தால் பிரதி அதன் இடத்தை ஏற்கும். பிரதியிடமிருந்து ஒப்புதல் வரும்வரை காத்திருப்பது ஒரு முறை. இதில் இழப்பு இராது; ஆனால் ஒளியிழையில் 100 கி.மீ. சென்று திரும்பவே ஏறத்தாழ 1 மில்லிநொடி ஆகும் என்பதால், தொலைவு கூடக் கூட ஒவ்வொரு பதிவும் தாமதமாகும். காத்திராமல் அனுப்புவது மற்றொரு முறை. இது விரைவானது; ஆயினும் விபத்து நேரும் கணத்தில் வழியில் இருந்தவை தொலையும். பேரிடருக்குத் தொலைவு வேண்டும், வேகத்துக்கு அருகாமை வேண்டும். இம்முரண்பாட்டுக்கு முழுத் தீர்வு இல்லை.

பழந்தமிழ் ஆவண மரபும் இதை அறிந்திருந்தது. அரசாணை முதலில் ஓலையில் எழுதப்பட்டது. பின்னரே கல்லில் ஏறியது. கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ளுமாறு பணிப்பது கல்வெட்டுகளில் காணப்படும் வழக்குத் தொடர். இன்று ‘மூலம்’ எனக் கொள்ளப்படும் கல்வெட்டு பல வேளைகளில் ஒரு பிரதியே. முதன்மையான ஓலை அழிந்தது, பிரதி எஞ்சியது.

எனினும், பிரதி உண்டு என்ற நம்பிக்கையே ஆபத்தாகலாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், பிரதி வழங்கி என்று கருதி முதன்மை வழங்கியின் தரவை நீக்கினார். பிரதியோ ஏற்கெனவே வெறுமையாக்கப்பட்டிருந்தது. காப்புப்படி எடுக்கும் நிரல், பதிப்பு வேறுபாட்டால் தொடர்ந்து தோல்வியுற்றிருந்தது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்ட படியே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்துத் தரவு மீளவில்லை.

முறையாக இயங்கும் பிரதியிலும் ஓர் இடர் உண்டு: முதன்மையில் நேர்ந்த பிழையையும் அது உண்மையாகவே படியெடுக்கும். தவறான நீக்கக் கட்டளை ஒன்று சில நொடிகளில் எல்லாப் பிரதிகளையும் எட்டிவிடும். இதனாலேயே, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் காப்புப்படி தனியே வேண்டப்படுகிறது. மொழியியல் தரவகங்களின் நிலையும் இதுவே. தொம்மலூர்க் கல்வெட்டுகளை பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் 1905இல் ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ 9ஆம் தொகுதியில் பதிப்பித்தார். பெங்களூரு வளர வளரப் பல கற்கள் காணாமற்போயின. அவற்றுக்கு அத்தொகுதியே பேரிடர் மீட்பு. ஆனால் அச்சில் இருப்பது கல் அன்று, கல்லைப் பற்றிய ஒரு வாசிப்பு. அச்சிலிருந்து தட்டச்சு, தட்டச்சிலிருந்து தரவகம் என நகரும்போது ஓர் ஒற்றெழுத்தின் தவறான வாசிப்பு ‘சான்று’ ஆகிவிடும். 2021 முதல் மிதிக் சொசைட்டி பெங்களூருக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவுசெய்து வருவதன் மதிப்பு இங்கேதான்: அது வாசிப்பைச் சேமிப்பதில்லை, கல்லின் மேற்பரப்பைச் சேமிக்கிறது.

மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. ஆய்வாளர்களுக்கு அது நற்செய்தி. ஆயினும் இடமாற்றம் பிரதியாக்கம் ஆகாது. ஒரே மைப்படி எந்த நகரில் இருந்தாலும் ஒன்றே.

கள ஆய்வு ஒலிப்பதிவுகளை ஒரே வன்தட்டில் வைத்திருக்கும் ஆய்வு மாணவர்கள் இன்றும் பலர். இரண்டாவது படி எடுத்தவர்களுள் எத்தனை பேர் அதை ஒருமுறையேனும் திறந்து கேட்டிருப்பார்கள்? இவ்வாரம் ஒரு கோப்பையாவது அப்படியிலிருந்து மீட்டு, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.