மாடியறைச் சித்திரங்கள்

பிராக் நகரத்து யூதர் அருங்காட்சியகம் 1906ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பழைய யூதர் குடியிருப்பின் தொழுகைக்கூடங்கள் பலவற்றில் அது பரந்து அமைந்துள்ளது. வெள்ளிக் கலங்களையும் பூவேலைத் திரைகளையும் காண விழைவோர்க்கு மற்றக் கூடங்கள் உண்டு. 1535இல் எழுந்த பிங்காஸ் கூடத்தில் காண்பதற்குக் கீழே சுவர்களும், மேலே சிறுவர் படங்களுமே உள்ளன.

அச்சுவர்களில் இருப்பவை ஏறத்தாழ 80,000 பெயர்கள். நாஜிகளின் கொடுமைக்கு இரையான பொஹிமிய, மொராவிய யூதர்களின் பெயர்கள். 1950களில் எழுதப்பெற்ற அவை, நிலத்தடி நீர் ஊறியதால் 1968இல் கூடம் மூடப்பட்டபின் அழிந்துபோயின. 1992 முதல் 1996 வரை மீண்டும் ஒவ்வொன்றாக எழுதப்பெற்றன.

மாடிப்படங்கள் தெரேசின் கோட்டை நகரில் பிறந்தவை. 1941இன் இறுதியில் நாஜிகள் அந்நகரை யூதர்களின் அடைப்பிடமாக்கினர். அங்கிருந்த பிள்ளைகளுக்கு முறையான கல்வி தடைசெய்யப்பட்டிருந்தது. படம் வரையவும் பாடவும் தடையில்லை. தேர்வு நெருங்கியதும் ஓவியப் பாடவேளையைக் கணிதத்திற்குக் கொடுத்துவிடும் வழக்கம் பள்ளிகளுக்குப் புதிதன்று. தெரேசினிலோ கணிதத்தை மறைவாகவே கற்பிக்க வேண்டியிருந்தது.

ஓவியம் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் ஃபிரீடல் டிக்கர் பிராண்டைஸ் அம்மையார். 1898இல் வியன்னாவில் பிறந்தவர். வைமார் நகரத்துப் பௌஹௌஸ் பள்ளியில் பயின்றவர். 1942 டிசம்பரில் தெரேசினுக்கு அனுப்பப்பட்டபோது, உடன் கொண்டுசெல்ல விடப்பட்ட சுமையில் வரைபொருள்களுக்கே பேரிடம் தந்தார். அவை தீர்ந்தபோது, அலுவலகங்களில் பயன்படுத்தி எறிந்த தாள்களின் பின்புறம் வரைதாளாயிற்று. வண்ணம் இல்லாதபோது கிழித்த தாள்துண்டுகளை ஒட்டிப் படம் அமைத்தனர்.

அவர் வகுப்பில் 'இதைப் பார்த்து அப்படியே எழுது' என்பது பெரிதாக மதிக்கப்படவில்லை. அவர் மேசையில் தாளம் தட்டுவார். அதற்கேற்பப் பிள்ளைகளின் கோடு ஓடும். வீடும் மலரும் வரைந்தவர் உண்டு. அடுக்குக் கட்டிலை வரைந்தவரும் உண்டு. ஒன்றில் மட்டும் அம்மையார் கண்டிப்பாக இருந்தார்: படத்தில் பிள்ளை தன் பெயரைத் தானே எழுதவேண்டும். மனிதர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டிருந்த இடத்தில் இது சிறு கட்டளையன்று. நல்ல ஆசிரியர் எவரும் இடும் சாதாரணக் கட்டளைதான் அது. இடம்தான் அதனை வேறாக்கிற்று.

1944 செப்டம்பர் இறுதியில் அவர் கணவர் கிழக்கே அனுப்பப்பட்டார். அவரைத் தொடர்ந்து செல்ல அம்மையார் தாமே பெயர் கொடுத்தார். புறப்படுமுன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் அடைத்து மறைத்து வைத்தார். அக்டோபர் 6ஆம் நாள் ஏறிய தொடர்வண்டி ஆஷ்விட்ஸ் சென்றது. சில நாள்களில் அங்கே கொல்லப்பட்டார். கணவர் பிழைத்திருந்தார். பெட்டிகள், சிறுமியர் விடுதிப் பொறுப்பாளராயிருந்த வில்லி குரோக் வாயிலாக, 1945 ஆகஸ்டில் பிராக் வந்து சேர்ந்தன.

மாடியில் கண்ணாடிக்குப் பின்னே இருக்கும் எழுத்துகள் ஒரே அளவினவல்ல. சில தாளின் ஓரத்தில் இடமின்றி வளைகின்றன. அப்படி ஒரு பெயரைப் படித்து வைத்துக்கொண்டு, படியிறங்கி வந்து கீழ்ச்சுவரில் தேடுவோர் உண்டு. பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.