கால்வலி

பள்ளிக்கரணைக்குக் குடிவந்த பிறகு எனக்கு வாய்த்த ஒரே சங்கீதம் விமானச் சத்தம். பெருங்குடிக் குப்பைமேட்டின் நாற்றமும் சதுப்பு நிலத்தின் தவளைகளும் சற்று அடங்கும் நேரத்தில், மேலே ஒன்று மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான், விமானப் பணிப்பெண்களை வைத்து ஒரு வானொலி நாடகம் எழுதலாமென்று தோன்றியிருக்க வேண்டும். சென்னை வானொலியில் சுகி சுப்பிரமணியம் காலத்து நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். அரைமணி நேரம், நான்கு குரல்கள். எழுதியும் விட்டேன்.

அக்கா மகள் ஆறு வருஷமாக அந்த வேலையில் இருக்கிறாள். விடிகாலையில் வேலை முடிந்து வந்தவளிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இதுல யாருக்குமே கால் வலிக்கலியே" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் என் நாடகம் நிற்கவில்லை. அதில் கடத்தல்காரன் இருந்தான், துப்பாக்கி இருந்தது. வேலை இல்லை.

காரணத்தை யோசித்தேன். நம்மில் பலருக்குப் பெயர் தெரிந்த பணிப்பெண் நீர்ஜா பனோட் ஒருவர்தான். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில், பயணிகளைத் தப்பவைத்துத் தான் உயிரைவிட்டவர். அந்த வீரத்தைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் செத்தால்தான் நம் மேடையில் இடம் என்பது நம்முடைய ரசனையின் கோளாறு. அவரும் அதற்கு முன் தட்டு நீட்டியவர்தான். அந்த நாட்கள் நமக்கு வேண்டியிருக்கவில்லை.

வேலைதான் விஷயமாக இருந்த ஒரு நிஜ நாடகம் நீதிமன்றத்தில் நடந்திருக்கிறது. 35 வயதில், அல்லது சேர்ந்த 4 வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டால், அல்லது முதல் கர்ப்பத்தின்போது, எது முந்துகிறதோ அப்போது பணிப்பெண் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அன்றைய ஏர் இந்தியா விதி. நர்கீஸ் மீர்ஸா வழக்கில் 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை ரத்து செய்தது. கல்யாண விதியை நியாயமென்று விட்டுவைத்தது. துப்பாக்கி இல்லாமலே போதுமான நாடகம் இது.

1983இல் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் பணிப்பெண்களை ஆராய்ந்து, அவர்களுடைய சிரிப்பும் சம்பளத்துக்குச் செய்யும் உழைப்பே என்று எழுதினார். வானொலியில் அந்தச் சிரிப்புக்கு இடமில்லை. முகம் போய்விடுகிறது, குரல்தான் மிஞ்சுகிறது. அதுவும் பழக்கப்படுத்திய குரல். திரைக்கு இந்தப் பக்கம் 'டீயா, காபியா' என்று வழவழப்பாகக் கேட்ட அதே பெண், அந்தப் பக்கம் போனதும் "அஞ்சு நிமிஷம் உக்காந்துக்கிறேண்டி" என்கிறாள். நான் எழுதியிருந்தது முதல் குரலை மட்டும்.

விமானம் இறங்கும்போது என்ன செய்வீர்கள் என்று அவளிடம் கேட்டேன். மடக்கு இருக்கையில் பட்டியை மாட்டிக்கொண்டு, ஏதாவது ஆகிவிட்டால் எந்தக் கதவு, என்ன உத்தரவு, உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப்பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது.

நாடகத்தில் இருக்க வேண்டிய காட்சி இதுதான். ஆனால் அரை நிமிஷ மௌனத்தை வானொலி தாங்காது. பெட்டி கெட்டுவிட்டது என்று கேட்பவன் எழுந்துவந்து தலையில் தட்டுவான்.

பிரதியைக் கிழிக்கவில்லை. கடத்தல்காரனை மட்டும் அடித்துவிட்டேன். கால்வலி வந்துவிட்டது. மௌனத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நேற்று ராத்திரி ஒரு விமானம் ரொம்பத் தாழ்வாகப் போயிற்று. பேனாவை மூடிவைத்துவிட்டு, சத்தம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அது அவளுடைய விமானமா என்று எனக்குத் தெரியாது.