ஆணி அடிக்காத அரண்மனை

"தம்பி, இந்த வீட்டுல காத்தே வரலையேப்பா" என்று என் அம்மா முதன்முதலில் சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானவர்கள் புது இடத்தில் அப்படித்தான் குறைபடுவார்கள், போகப் போகப் பழகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

அம்மா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்கள் சாய்ந்து, லயங்கள் காலியான பிறகு, பட்டணத்து ஓரத்தில் நான் வாங்கியிருந்த மலிவு விலைத் தரைவீட்டுக்கு அவரை அழைத்து வந்தேன். சொந்த வீடு அல்லவா! அதைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஆசை எனக்கு. கூட்டுறவில் கடன் வாங்கி, முன்வாசலுக்கும் பின்கட்டுக்கும் சிமெண்டு போட்டு, மேலே தகரம் வேய்ந்து மூடினேன். பின்னால் நின்ற ஜம்பு மரத்தை, இலை கொட்டிக் கால்வாயை அடைக்கிறது என்று சொல்லி வெட்டினேன். சுவரின் மேற்புறத்தில் இருந்த காற்றுத் துளைகளையும், சாரல் அடிக்கிறதென்று பலகை வைத்து அடைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் "வாத்தியார் வீடு ஜோராக இருக்கிறது" என்றார்கள்.

அம்மா மட்டும் இரவில் தூங்குவதில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு முன்கதவருகே வந்து படுப்பார். ஒருநாள் பிற்பகல் சமையற்கட்டில் மயங்கி விழுந்துவிட்டார். உடம்பில் நீர் வற்றிவிட்டது, வெப்பம் இவருக்கு ஆகாது என்றார் மருத்துவர். அன்றிரவு அம்மா என்னிடம், "என்னை எங்கேயாச்சும் ஒரு மரத்தடியில கொண்டு போய் விட்ருப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த பள்ளி விடுமுறையில், அம்மாவுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று, குடும்பத்தோடு காரில் நெகிரி செம்பிலானுக்குப் புறப்பட்டோம். அன்று பார்த்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிரம்பானிலிருந்து கோலப் பிலா போகும் சாலையில் ஏறினால், சற்று நேரத்தில் பட்டணத்தின் புழுக்கம் பின்தங்கிவிடுகிறது. புக்கிட் புத்துஸ் மலைப் பகுதியைக் கடந்து, உலு பெண்டுல் காட்டோரமாக இறங்கினால், இருபுறமும் பசுமை. பிறகு பிரதான சாலையை விட்டுத் திரும்பி உள்ளே போனால் ஸ்ரீ மெனாந்தி. சுற்றிலும் குன்றுகள், நடுவே அமைதியான சமவெளி. நெகிரி செம்பிலான் அரச குடும்பத்தின் ஊர் இது. நம் வெள்ளி நோட்டுகளில் முகம் காட்டுகிறாரே துவாங்கு அப்துல் ரஹ்மான், 1957-இல் நாட்டின் முதல் பேரரசரானவர், அவர் துயில்வதும் இங்குள்ள அரச கல்லறையில்தான்.

அங்கே நிற்கிறது 'இஸ்தானா லாமா' என்னும் பழைய அரண்மனை. முன்பு இங்கிருந்த அரண்மனையை 1875-76 போரின்போது பிரிட்டிஷ் படையினர் எரித்துவிட்டார்கள். பின்னர் துவாங்கு முகமது ஆட்சியில் 1902-இல் இந்த அரண்மனையின் வேலை தொடங்கி, 1908-இல் முடிந்தது. கட்டியவர்கள் காஹார், தாயிப் என்னும் இரண்டு மலாய்த் தச்சர்கள். 1931 வரை அரசர் குடும்பம் இதில் வாழ்ந்தது. 1992-இல் அரும்பொருளகமானது.

அன்று மாடியேறி உள்ளே பார்க்க வாய்க்கவில்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. வெளியே நின்று நிதானமாகச் சுற்றிப் பார்த்தோம்.

முழுக் கட்டடமும் மரம். கருத்துப்போன கனத்த தூண்கள், எண்ணிக்கை 99. பழங்காலத்து 99 வீரர்களின் நினைவாக அந்த எண் என்பார்கள். அடுக்கடுக்காக உயர்ந்து, உச்சியில் சிறு கோபுரம்போல் முடிகிறது. இத்தனை பெரிய கட்டடத்தில் ஓர் இரும்பு ஆணிகூட இல்லை! ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றொன்றின் முனையைச் செதுக்கி உள்ளே செருகி, மர ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். முக்கியமான மரம் செங்கால். கரையானுக்கு எளிதில் இரையாகாத, கல்போல் கனமான காட்டு மரம்.

"ஆணி அடிச்சா என்னப்பா குறைஞ்சு போகும்?" என்று கேட்டாள் என் மகள். நல்ல கேள்விதான். நம் நாட்டில் நாள்தோறும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. மரம் ஈரத்தில் உப்பும், காய்ச்சலில் சுருங்கும். ஆணி அப்படி அசைந்து கொடுக்காது, துருவும் பிடிக்கும். ஆப்பு வைத்த பொருத்தில் மரமும் மரமும் சேர்ந்தே அசையும். தளர்ந்தால் மீண்டும் இறுக்கலாம். ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பழைய மலாய்க் கம்பத்து வீடுகளை இப்படிப் பிரித்து, வேறிடத்தில் கொண்டு போய்ப் பூட்டிவிடுவதும் உண்டு.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா நிழலைத் தேடி உட்கார்ந்துவிட்டார். மணி இரண்டரை, உச்சி வெயில் தணியாத நேரம். ஆனால் அவர் முகத்தில் ஒரு தெளிவு. "இங்கே காத்து வருது பார்றா" என்றார்.

திரும்பும் வழியில் ஒரு கம்பத்தில் சாப்பிட நிறுத்தினோம். கால்கள்மீது நிற்கும் பழைய பலகை வீடு. கூரையின் இரு முனைகளும் இலேசாக மேல்நோக்கி வளைந்திருந்தன. மினாங்கபாவ் வழிவந்தவர்களின் அடையாளம் அது. வீட்டோடு சேர்ந்தாற்போல் சிறிய சாப்பாட்டுக் கடை. கடைக்கார மாக்சிக், அம்மாவின் வயதைப் பார்த்து, வீட்டடியில் போட்டிருந்த மரக்கட்டிலில் உட்காரச் சொன்னார். அம்மா தமக்குத் தெரிந்த பாசார் மலாயில் பேச்சுக் கொடுத்தார். இந்த வீடு தம் தாயாருடையது, நாளைக்கு மகளுக்குப் போகும் என்றார் மாக்சிக். அங்கே பரம்பரை வீடும் நிலமும் பெண் வழியில் இறங்குவதே 'அடாட் பெர்பாத்தே' என்னும் வழக்கம். "அப்ப வீட்டை எப்படி வச்சுக்கணும்னு பொம்பளைகளுக்குத் தெரியும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் அம்மா. நான் தேநீரைக் குடித்தேன்.

பிறகு அவர் வீட்டடியை அண்ணாந்து பார்த்தார். "நான் பொறந்த லயம் இப்படித்தான் காலு வச்சிருந்துச்சு. அடியில விறகு அடுக்குவோம், ஆடு கட்டுவோம், தூளி கட்டித் தம்பிகளைத் தூங்க வைப்போம். அப்புறம்தான் தரையோடு லயம் கட்டினாங்க" என்றார். அந்தக் கால லயங்களை நான் புகழ வரவில்லை. ஓர் அறையில் ஒரு குடும்பம், ஒருவர் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும், குழாயடியில் வரிசை. அந்தக் கஷ்டங்களை அம்மாவே மறக்கவில்லை. ஆனால் நிலத்தை விட்டு உயர்ந்து நின்ற அந்தத் தரை, இந்தச் சீதோஷ்ணத்துக்கு ஏற்ற ஒன்றாக இருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அந்தக் கம்பத்து வீட்டை ஓர் ஆசிரியனின் கண்ணோடு பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. தூண்கள் மண்ணில் புதையாமல் கல்மேல் நிற்கின்றன; ஈரமும் கரையானும் எளிதில் ஏறா. தரை உயர்ந்திருப்பதால் வெள்ளம் அடியில் ஓடிவிடும், காற்றும் அடியில் புகும். சன்னல்கள் தரைவரை நீண்டிருக்கின்றன. பாயில் உட்கார்ந்தவருக்கும் காற்று படும். நம் வீட்டுச் சன்னல் காற்று நிற்பவருக்குத்தான்! கூரை செங்குத்தாக இறங்குவதால் மழை தங்காது. அதன் விளிம்பு சுவரைத் தாண்டி நீள்வதால் வெயிலும் சாரலும் உள்ளே வரா. அப்படியிருக்கச் சன்னலை ஏன் மூட வேண்டும்? சூடான காற்று மேலே போகும் என்று நான் வகுப்பில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அது வெளியேறுவதற்காகத்தான் சுவருக்கு மேலே செதுக்கிய பலகைத் துளைகள். என் வீட்டில் அந்தத் துளைகளை அடைத்தவன் நானேதான்!

இன்னொன்று. செங்கல்லும் சிமெண்டும் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல வெளியே விடும். பலகை அவ்வளவு சூட்டைத் தேக்கி வைக்காது. பொழுது சாய்ந்தால் சீக்கிரம் ஆறிவிடும். அம்மா இரவில் ஏன் வாசலுக்கு வந்தார் என்பதற்கு அங்கே விடை கிடைத்தது.

படித்தவர்கள் இதற்கு 'ஆர்கானிக் ஆர்க்கிடெக்சர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இயற்கையோடு இயைந்த கட்டடக் கலை எனலாம். அமெரிக்காவின் ஃபிராங்க் லாய்ட் ரைட் (1867-1959) என்னும் கட்டடக் கலைஞர் இதை உலகறியச் செய்தவர். பென்சில்வேனியாவில் ஒரு குடும்பம், அருவியைப் பார்த்தபடி வீடு கட்டித் தரும் என எதிர்பார்த்தது. அவரோ 1935-இல் அருவியின் மேலேயே வீட்டை வரைந்தார். அங்கிருந்த பாறையே வீட்டுக்குள் அடுப்படித் தரையாக அமைந்தது. அதுவும் குறையில்லாத வீடல்ல. வெளியே நீண்ட தளங்கள் தொய்ந்து, 2002-இல் வலுப்படுத்த வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் சுபாங் ஜெயாவில் 1992-இல் எழுந்த 15 மாடி மெசினியாகா கோபுரம், மாடிக்கு மாடி செடிகளும், வெயில் படும் பக்கங்களில் மறைப்புகளுமாக அமைந்து, 1995-இல் ஆகா கான் விருது பெற்றது. அதை வரைந்தவர் நம் நாட்டவரான கென் யாங். ஆனால் படித்த பெயர் வருவதற்கு முன்பே, பள்ளிக்கூடப் பக்கமே போகாத கம்பத்துத் தச்சர் இதைச் செய்து வைத்திருந்தார்.

செங்கால் மரத்தில் வீடு கட்ட நம்மால் ஆகுமா? ஆகாது. அந்த மரத்தின் விலை நமக்கு எட்டாதது. அத்தாப்புக் கூரைக்கும் தீப்பயம் உண்டு, சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்றவும் வேண்டும். தரைவீட்டைத் தூக்கித் தூண்மேல் வைக்கவும் முடியாது. ஆனால் அந்த வீட்டின் காரணங்களை நம் வீட்டுக்குக் கொண்டு வரலாம். வீடு திரும்பியதும் அதைத்தான் செய்தேன்.

முதல் வேலையாகக் காற்றுத் துளைகளை அடைத்த பலகையைக் கழற்றினேன். கொசு வராமல் வலை அடித்தேன். பின்கட்டுத் தகரத்தில் பாதியை எடுத்துவிட்டேன். மிச்சத் தகரத்துக்கு வெள்ளைச் சாயம் பூசினேன். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். முன்வாசல் சிமெண்டில் ஒரு பகுதியை உடைத்து மண்ணை வெளியே கொண்டு வந்தேன். உடைக்கும்போது, இதற்கா கடன் கட்டுகிறோம் என்று மனம் அடித்துக்கொண்டது உண்மை. மாலை வெயில் அறையும் மேற்குச் சுவரின் முன்னால், சுவரை விட்டு ஓரடி தள்ளிக் கம்பு நட்டுப் பந்தல் கட்டினேன். அம்மா அதில் பாகலும் அவரையும் போட்டார். கொடி படர்ந்ததும் அந்தச் சுவரில் மாலையில் கை வைத்துப் பார்த்தேன், முன்போல் சுடவில்லை. ஜம்பு மரம் நின்ற இடத்தில் ஒரு முருங்கைப் போத்து ஊன்றியிருக்கிறோம். ஜம்பு மரம் தந்த நிழலை அது தர இன்னும் நாளாகும். வெட்டிய மரம் வெட்டியதுதான்.

அம்மாவுக்கு முற்றிலும் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மருந்தும் நடக்கிறது. ஆனால் இப்போது பாயை வாசலுக்குக் கொண்டு வருவதில்லை. மரத்தடியில் விடச் சொல்லி மறுபடி கேட்கவும் இல்லை. மாலையில் பந்தலடியில் உட்கார்ந்து அவரை பறிக்கிறார்.

வாசகர்களே, உங்களில் பலர் லயத்தை விட்டு இப்போதுதான் கல்வீட்டுக்கு வந்திருப்பீர்கள். சிலர் வரப் போகிறீர்கள். வீட்டைப் பெரிதாக்கக் காசு சேர்த்து வைத்திருப்பீர்கள். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன், ஆசிரியன் என்ற உரிமையில் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்குள் நின்று பாருங்கள். காற்று எந்தப் பக்கம் நுழைகிறது, எந்தப் பக்கம் வெளியேறுகிறது, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காற்று வரும் வழியை அடைக்காதீர்கள். நிற்கும் மரத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். சுவரை இடிப்பதானால் விவரம் தெரிந்தவரைக் கேட்டுச் செய்யுங்கள். செடி வைத்த தொட்டியடியில் தண்ணீர் தேங்காமல் பாருங்கள். ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும்.

கோலப் பிலா பக்கம் போகிறவர்கள் ஸ்ரீ மெனாந்திக்கும் ஒரு நடை போய் வாருங்கள். உள்ளே பார்க்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களை மறக்காமல் அழைத்துப் போங்கள். அவர்களை நிழலில் உட்கார வைத்து, பழைய லயம் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.